பனிக்கு மூடிய நாற்று

ஊட்டியைத் தாண்டி ஒரு பள்ளத்தில் காயலான்கடைச் சாமி என்றொருவர் இருந்தார். பெயரைக் கேட்டதுமே பாதிப் பேர் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். மேட்டுப்பாளையத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்தவர்தான். ஒருநாள் கடையை மைத்துனர் கையில் கொடுத்துவிட்டு மலையேறிவிட்டார். கடையை விட்டாரே தவிர, பழைய சாமான் மேலிருந்த ஆசையை அவரால் விட முடியவில்லை. குடிசைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. ஞானம் தேடி வருகிறவர்களுக்கு முதலில் அந்தக் குவியலில்தான் வேலை.

சாமிக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. அவரைத் தேடி வந்த நாச்சிமுத்துவுக்கோ அறுபது ஆகியிருந்தது. கோபிப் பக்கம் பெயர் வாங்கிய பட்டிமன்றப் பேச்சாளர். மைக்கைப் பிடித்தால் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர் வந்து இறங்கியதும் கேட்டது ஒன்றுதான்.

"எனக்கு மௌன தீட்சை குடுங்க சாமி."

"எத்தனை நாளைக்குங்ணா?"

"உசுரு இருக்கற வரைக்கும்."

சாமி வளைந்துபோன குடைக்கம்பி ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அதை நிறுத்தவில்லை.

"நாக்கு அப்படி என்ன பண்ணுச்சு?"

"எனக்கு ஒரே தம்பிங்க. சென்னியப்பன். பொண்டாட்டி வூட்டுலயே இருக்கறான். மாமனாருக்கு ஆம்பளப் புள்ள இல்ல, காட்டைப் பாக்க ஆளில்லைன்னு போனவன்."

"சரி."

"எங்க ஊரு கோயில் நோம்பிக்கு என்னோட பட்டிமன்றம் வெச்சிருந்தாங்க. எங்கண்ணன் பேசறதைக் கேளுங்கன்னு மாமனாரு, மாமியா எல்லாத்தையும் கூட்டியாந்து முன்வரிசையில உக்கார வெச்சிருந்தான். புதுச் சட்டை போட்டுட்டு வந்திருந்தான் சாமி."

"ம்."

"கூட்டம் கொஞ்சம் சோர்ந்து கெடந்துது. வீட்டோட மாப்பிள்ளையப் பத்திப் பேச்சு வந்துது. 'எந்தம்பியவே எடுத்துக்கங்க, ரெண்டாவது இட்டிலிக்குக் கை நீட்டறதுக்கு முன்னால மாமியா மொகத்தப் பாப்பான்'னு உட்டேன். பந்தலே ஆடிப்போற மாதிரி சிரிப்பு."

"அதோட விட்டீங்களா?"

"கைதட்டல் விழுந்துட்டா எனக்கு நிறுத்தத் தெரியாதுங்களே. இன்னும் நாலு சொன்னேன். அவன் எந்திரிச்சுப் போயிட்டான். அவன் மாமியா அங்கயே தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாங்க."

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு வருசமாச்சு. எங்கம்மா எழவுக்கு வந்தவன் எம்பக்கமே திரும்பல. ஒருக்கா ஃபோன்ல புடிச்சு அழுதேன். எப்படியும் அரைமணி நேரம் பேசியிருப்பேன், எல்லாத்துக்கும் காரணம் சொன்னேன், கடேசில பாத்தா அவன் எப்பவோ வெச்சுட்டான். இந்த நாக்கு இருக்கற வரைக்கும் யாரையாவது கொன்னுக்கிட்டேதான் இருக்கும். இதைக் கட்டிப் போடுங்க சாமி."

சாமி குடைக்கம்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நேராகியிருந்தது.

"தீட்சை எங்கயும் போயிராது. பனி வருது. நாத்துக்கு மூடி பண்ணணும், வாங்க."

அந்தப் பள்ளத்தில் பனி என்றால் மார்கழிக் கோலத்தில் விழுகிற பனியல்ல. விடியும்போது புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கும். வெயில் பட்டதும் இளஞ்செடியெல்லாம் கொதிநீர் ஊற்றிய கீரையாகக் கறுத்துத் தொங்கும். ஊரில் எல்லோரும் பனிக்காலத்தில் தாங்குகிற பயிரை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க, சாமி மட்டும் தக்காளி நாற்று விட்டிருந்தார். பனி ஓய்ந்ததும் முதல் ஆளாக நட வேண்டுமாம். எல்லாவற்றையும் துறந்தவருக்குத் தக்காளி ரசத்தைத் துறக்க முடியவில்லை என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். அவரும் மறுப்பதில்லை.

குவியலில் இருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. விரிசல் விட்ட இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்கள். ஜூஸ் பாட்டில்கள். எங்கோ இடித்த பங்களாவின் ஜன்னல் கண்ணாடிகள். துணி போய் எலும்பு மட்டும் நிற்கிற குடைகள்.

"கேனுக்கு அடிப்பக்கத்தை அறுக்கணும்," என்றார் சாமி. "மேல் மூடி அப்படியே இருக்கட்டும். அறுத்த வாயை நாத்து மேல கவுத்து, விளிம்பை ஒரு விரல் ஆழத்துக்கு மண்ணுல அமுக்கிருங்க. இல்லேன்னா காத்து தூக்கிட்டுப் போயிரும்."

"குடை எதுக்குங்க?"

"துணி போட்டாத்தான் குடையா?"

பால் பாக்கெட்டுகளைக் கழுவி, விரித்து வெட்டி, சாக்கு ஊசியால் ஒன்றோடொன்று கோத்தார்கள். குடை எலும்பின் மேல் அதைப் போர்த்தி, காம்பை மண்ணில் குத்தினார்கள். ஒரு குடைக்கடியில் ஆறேழு நாற்று அடங்கியது. ஜன்னல் கண்ணாடிகளை இரண்டிரண்டாகச் சாய்த்துக் கூடாரமாக நிறுத்தி, உச்சியைத் துணி கிளிப்பால் கவ்வ வைத்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. கல்யாண மண்டபத்துக் குப்பை காற்றில் பறந்து வந்து தோட்டத்தில் இறங்கியது போலிருந்தது.

ஆனால் நாச்சிமுத்துவுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. ஹாக்ஸா பிளேடால் கேனை அறுக்கும்போது வாய்க்கு வேலையில்லை. மாலை வரை மொத்தம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார். மறுநாளிலிருந்து காலையும் மாலையும் கண்ணை மூடித் தியானத்திலும் உட்கார்ந்தார்.

அடுத்த வாரமே பனி இறங்கியது. விடிந்ததும் நாச்சிமுத்து ஓடிப் போய்ப் பார்த்தார். வேலியோரத்துப் பூசணிக்கொடி முழுக்கக் கருகிக் கிடந்தது. கேனுக்குள்ளும் குடைக்குள்ளும் கண்ணாடிக்குள்ளும் தக்காளி நாற்று பச்சைப் பசேலென்று நின்றது. பட்டிமன்றக் கோப்பை வாங்கிய நாளில்கூட அவருக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

"பாத்தீங்களா சாமி. மூடுனது அத்தனையும் பொழச்சுது, மூடாதது செத்துது. இதுக்கு மேல என்னங்க சாட்சி? எனக்கும் ஒரு மூடியப் போட்டுருங்க."

சாமி சிரித்தார்.

"பொறுங்ணா. பனிக்காலம் இன்னும் இருக்குது."

அன்று மதியம் கூடலூரிலிருந்து தகவல் வந்தது. சாமியோடு பழைய இரும்பு வியாபாரம் பார்த்தவர் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டாராம். சாமி ஒரு கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு மூணு நாள் ஆகும். நாத்தைப் பாத்துக்கங்க."

எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. சாமிகளுக்கே உள்ள கெட்ட பழக்கம் அது.

அவர் போனதும் நாச்சிமுத்து ஒரு முடிவுக்கு வந்தார். சாமி கொடுக்காவிட்டால் என்ன, நாமே எடுத்துக்கொள்வோம். குவியலில் கிடந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, கரித்துண்டால் 'மௌன விரதம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, சணலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பால் ஊற்றுகிறவர் வந்து பார்த்துவிட்டு, ஊற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். உலகம் எவ்வளவு எளிதாகிவிட்டது என்று நாச்சிமுத்துவுக்கு வியப்பாக இருந்தது.

மறுநாள் நல்ல வெயில். மலையில் பனி விழுந்த மறுநாள் வெயில் அப்படித்தான் சுள்ளென்று அடிக்கும். மாலையில் பார்த்தபோது நாற்றுகள் லேசாகத் துவண்டிருந்தன. கேனின் உட்புறமெல்லாம் நீர்த்துளி.

குளிர் உள்ளே போகிறது, அதுதான் சங்கதி என்று நாச்சிமுத்து புரிந்துகொண்டார். கேன் மூடிகளை இன்னும் இறுக்கித் திருகினார். அதற்கு மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். விளிம்பைச் சுற்றிச் சேறு குழைத்துப் பூசினார். கண்ணாடிக் கூடாரத்தின் இரண்டு பக்கத்தையும் கந்தைத் துணியால் அடைத்தார். அடுத்த நாள் இன்னும் துவண்டது. அவரும் சளைக்காமல் இன்னும் அடைத்தார்.

மூன்றாம் நாள் வெயில் ஏறும் நேரம். நாச்சிமுத்து வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மூங்கில் கேட்டுக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது.

"அண்ணா."

சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தான். தலை முன்னைவிட நரைத்திருந்தது. குளிருக்குப் பழக்கமில்லாதவன், காதைச் சுற்றித் துண்டைக் கட்டியிருந்தான். கையில் ஒரு மஞ்சப்பை.

நாச்சிமுத்து தரையில் கையை ஊன்றினார். எழுந்து கேட்டருகே போனார். தம்பி அட்டையைப் படித்தான்.

"எங்கூட மட்டுமா, எல்லார்த்து கூடயுமா?"

நாச்சிமுத்து கையை வட்டமாகச் சுற்றிக் காட்டினார். எல்லோருடனும்.

"எப்பிருந்து?"

நாச்சிமுத்து மூன்று நாள் என்று விரலைக் காட்டினார்.

சென்னியப்பன் கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தான்.

"உங்களைத் தேடி மூணு ஊரு அலஞ்சு வர்றேன். ஒரு சங்கதி சொல்லோணும். ஒரு வார்த்தை, வாடான்னு சொல்லுங்க. அப்பத்தான் எனக்குச் சொல்ல வரும்."

நாச்சிமுத்துவுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. முதலில் 'வாடா' வந்தது. அதன் பின்னால் மன்னிப்பு வந்தது. அதன் பின்னால், யாரும் கூப்பிடாமலே, காதைக் கட்டியிருந்த துண்டைப் பற்றி ஒரு நகைச்சுவை வந்து வரிசையில் நின்றது. அவருக்குப் பயத்தில் வியர்த்துவிட்டது. வாயைத் திறந்தால் மூன்றும் சேர்ந்து விழும். அவருக்குத் தன்னைத் தெரியும்.

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார். கண்களை இறுக மூடிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

திறந்து பார்த்தபோது கேட்டருகே யாருமில்லை.

அழுகை வந்தது. அழுதார். ஆனாலும் ஓரமாக ஒரு பெருமையும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. அறுபது வருடத்தில் முதல்முறையாக அவர் ஒரு நகைச்சுவையை விழுங்கியிருக்கிறார்.

மதியம் தாண்டிச் சாமி வந்தார். கம்பளியைக்கூட இறக்காமல் நேராகத் தோட்டத்துக்குப் போனார். நாச்சிமுத்து பின்னாலேயே போய், துவண்டு கிடந்த நாற்றுகளைக் கை நீட்டிக் காட்டினார். பிறகு கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினார்.

சாமி அட்டையைக் கழற்றி ஈர மண்ணில் போட்டு, அதன் மேல் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்ணா."

"பனி உள்ள பூந்துருச்சுங்க சாமி." மூன்று நாளாகப் பேசாத குரல் கரகரத்தது. "என்னால ஆனதெல்லாம் அடைச்சேன். சேறு பூசினேன், டியூபு சுத்தினேன். இன்னும் எங்கயோ ஓட்டை இருக்குது. எதுன்னுதான் தெரியல."

சாமி ஒரு கேனைக் காட்டினார்.

"விளிம்பைக் கொஞ்சம் தூக்கி, கையை உள்ள விடுங்க."

காய்ந்த சேற்றை உடைத்து, நாச்சிமுத்து கையை நுழைத்தார். நுழைத்த வேகத்தில் வெளியே இழுத்தார். இட்லிச் சட்டியைத் திறந்ததுபோல ஆவி முகத்தில் அடித்தது. கூடவே அழுகல் வாடை.

"பனியா அது?"

நாச்சிமுத்து சூடுபட்ட விரலை உதறினார்.

சாமி குனிந்து நாற்றைத் தொட்டார். தண்டு அடியில் கொழகொழவென்று கையோடு வந்தது. அதைத் தூர வைத்துவிட்டு அடுத்த கேனுக்கு நகர்ந்தார்.

"பொழுதுக்கும் மூடியே வெச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க. நீங்க இருந்தப்பவும் மூடித்தானே இருந்துது."

"தெனமும் வெயில் ஏறுனதும் நான் மூடியைக் கழட்டிருவேன். சாயங்காலம் மாட்டுவேன்."

"நான் பாக்கவே இல்லீங்களே."

"நீங்க அந்நேரத்துக்குக் கண்ணை மூடி உக்காந்திருப்பீங்க."

நாச்சிமுத்து தலையில் கையை வைத்துக்கொண்டார். சாமி அடுத்த கேனின் கழுத்திலிருந்து டியூபைப் பிரிக்க ஆரம்பித்தார். நாச்சிமுத்து சுற்றிய சுற்று அப்படி, நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் சற்று நேரம் அதையே செய்தார்கள்.

"தம்பி வந்திருந்தானுங்க," என்றார் நாச்சிமுத்து.

"எப்போ?"

"காலையில. மூங்கில் கேட்டுப் பக்கத்துல நின்னான். நான் வாயைத் தொறக்கவே இல்ல சாமி. அவன் மனசு நோகற மாதிரி ஒத்தச் சொல்லு சொல்லல. எவ்வளவு கஷ்டமா இருந்துதுன்னு எனக்குத்தான் தெரியும். ஆனா ஜெயிச்சுட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"அதாங்க, நான் ஒண்ணுமே பேசாததால…"

"அவரு என்ன சொன்னாருன்னு கேட்டேன்."

நாச்சிமுத்துவின் கை டியூபின் மேல் நின்றது.

"ஒரு சங்கதி சொல்லோணும்னான்."

"என்ன சங்கதி?"

"தெரியலீங்க."

"சம்சாரத்துக்கு ஏதாச்சுமா? அவருக்கே உடம்புக்கு ஆகலையா? இல்ல, நல்ல சேதியா?"

"தெரியலீங்க சாமி. நான் கண்ணை மூடிட்டேன்."

சொல்லிவிட்ட பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. முகம் செத்துப்போனது. மூன்று ஊர் அலைந்து வந்தவன், பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவன். எதற்காக என்று கேட்க அவருக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தன் நாக்கைக் காவல் காப்பதிலேயே நேரம் முழுக்கப் போய்விட்டது.

சாமி டியூபைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்தார்.

"கீழ டீக்கடை பெஞ்சுல ஒருத்தர் உக்காந்திருந்தாரு. காதைச் சுத்தித் துண்டு. வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுட்டு உக்காந்திருக்காருன்னு கடைக்காரரு சொன்னாரு. கடேசி பஸ்ஸு இனிமேத்தான்."

நாச்சிமுத்து எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டக்கூட இல்லை. செருப்பைத் தேடி, ஒரு கால் கிடைக்காமல், வெறுங்காலோடு பாதையில் இறங்கினார். கேட்டை எட்டியவர் சட்டென்று நின்றுவிட்டார். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். முதல்முறை மேடையேறிய நாளில்கூட அவர் அப்படித் தயங்கியதில்லை.

"சாமி."

"சொல்லுங்ணா."

"நான் போயி என்னங்க பேசறது?"

சாமி அடுத்த கேனை மடியில் சாய்த்து வைத்து மூடியைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்குங்ணா பேசறீங்க? பேச வந்தது அவரு."